வேலையை விடும் உரிமை

தைப்பூசம் கழிந்த மறுநாள் பிற்பகல், பத்துமலை அடிவாரத்திற் கூட்டம் கலைந்து, கடைக்காரர்கள் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், ஓர் இளைஞர் நம்மை அணுகி ஒரு யோசனை கேட்டார். அவர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் ஏழாண்டுகளாக உத்தியோகம் பார்க்கிறவர். சம்பளம் குறைவென்று சொல்வதற்கில்லை. மேலதிகாரி கொடியவரும் அல்லர். ஆயினும், காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும்போதே நெஞ்சில் ஒரு பாரம் ஏறிக்கொள்கிறதாம். சுங்கை பூலோவில் நண்பர் ஒருவர் செடி கொடிகளைப் பதியன் போட்டு விற்கும் நாற்றுப்பண்ணை நடத்துகிறார். அதிற் சேர்ந்து உழைக்க ஆசை. வருமானம் பாதியாகிவிடும். இதைக் கேட்ட நாள் முதல் தாயார் சரிவர உண்பதில்லை, காரணமும் சொல்வதில்லை. “ஐயா, மனச் சந்தோஷத்துக்காக ஒருவன் வேலையை மாற்றிக்கொள்வது தவறா?” என்றார்.

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் முன்னோர் ஒரு பழமொழியைச் செய்துவைத்துப் போனார்கள். அவ்வுத்தியோகத்திலே புருஷனுக்கு மகிழ்ச்சி உண்டா என்பதைப் பற்றி அப்பழமொழி வாய் திறக்கவில்லை. ஸ்திரீகள் வேலைக்குப் போவதைப் பற்றியோ அதற்கு நினைவே இல்லை. அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அவ்விளைஞருடைய குடும்பத்தைப் பற்றி விசாரித்தோம். தகப்பனார் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், தாயாரும் அப்படியே. பாட்டனார் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர். மூன்று தலைமுறையில் இக்கேள்வியை முதன்முதலாக வாய்விட்டுக் கேட்பவர் இவர்தாம். மற்றவர்களுக்கு இவ்வாசை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் அவர்கள் ஏன் கேட்கவில்லை? அன்றிரவு வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே எண்ணிக்கொண்டு வந்தோம். எண்ணியதை ஈண்டு எழுதுகின்றோம்.

அவர் பத்துமலையில் நின்றுகொண்டு அதைக் கேட்டதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1891ஆம் ஆண்டில் இக்குகையில் முருக வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் என்று நம்மவர் போற்றும் தம்புசாமிப் பிள்ளையே நல்லதோர் உத்தியோகத்தை விட்டு வெளியேறியவர். 1850இல் சிங்கப்பூரிற் பிறந்து, ஆங்கிலக் கல்வி கற்று, டேவிட்சன் என்னும் வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1875இல் அவ்வக்கீல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தபோது பிள்ளையும் உடன் வந்தார். சர்க்காரின் பொக்கிஷ அலுவலகத்திலே தலைமைக் குமாஸ்தாவாகி, சில சமயங்களில் பொக்கிஷதாரரின் பொறுப்பையும் தாங்கினார். ஆசியர் ஒருவர் அந்நாளிற் சர்க்கார் ஏணியில் ஏறக்கூடிய படிகளில் அஃது ஏறக்குறைய உச்சிப்படி. அதற்கு மேலுள்ளவை வெள்ளையர்க்கென்றே வைக்கப்பட்டவை.

அப்படியிருந்தும் அதை விட்டார். லோக் யூ என்னும் சீனப் பெருவணிகரோடு கூடி ரவாங்கில் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். 1893இல் விக்டோரியா கல்விநிலையம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரானார். 1902இற் காலமானார். கோலாலம்பூரில் ஒரு தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பணத்தாசை பிடித்து உத்தியோகத்தை உதறினார் என்று சொல்வோர் சொல்லட்டும். மேலே ஏற வழியில்லாத அறையிலே ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருக்க மனமில்லாத மனிதர் என்றே நாம் கொள்கின்றோம். அவர் ராஜிநாமாக் கடிதத்தை நீட்டியபோது எந்தப் போலீஸ்காரனும் அவரைத் தேடிவரவில்லை. எந்த நீதிபதியும் அவருக்குச் சிறைவாசம் விதிக்கவில்லை.

இனி, அதே பிள்ளையவர்கள் ரயில்வே வேலைக்கும் மராமத்து வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரைத் தருவிப்பதிலும் பங்குகொண்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கூறுவர். கிள்ளான் நதிக்கரையையும் கோலாலம்பூரையும் இணைத்து 1886இல் ஓடத் தொடங்கிய ரயிலுக்கும், அதன்பின் நீண்ட பாதைகளுக்கும் மண் சுமந்த கைகளிற் பெரும்பகுதி நம்மவர் கைகள். தம் விருப்பப்படி வேலையை விட்டு விலகிய ஒருவர் தருவித்த வேலைக்கு, விருப்பப்படி விலக முடியாத பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். இதை நாம் அவர்மீது குற்றமாகச் சுமத்தவில்லை. அந்நாளைய வழக்கம் அது. ஆனால் பத்துமலைப் படிகளில் ஏறும்போது இந்த இரண்டையும் ஒருங்கே நினைத்துக்கொள்வது நல்லது.

விலக முடியாமை எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். முதலில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். கப்பற் செலவையும் முன்பணத்தையும் முதலாளி கொடுத்தார். அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு உழைப்பதென்று கைரேகை வைத்தார்கள். கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது கடனைத் தீர்க்காத தவறாகக் கருதப்படவில்லை, குற்றமாகவே கருதப்பட்டது. “ஓடிப்போனவன்” என்று பெயர். பிடிபட்டால் சிறை, சிறையிலிருந்து மீண்டால் மறுபடியும் அதே தோட்டம். வேலை பிடிக்கவில்லை என்று ஒருவன் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஏறக்குறையத் திருட்டுக்குச் சமம். 1910இல் மலாயாவுக்கு இம்முறையில் ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முடிந்தன.

அதற்கு முன்னமே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்திலேயே உழைத்துத் துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவன் தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிப் போவான். தலைப்பாகையும் வெள்ளிச் சங்கிலியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து மலாயாவின் வளத்தைச் சொல்வான். உறவினரும் ஊராருமாகப் பத்து இருபது பேரைச் சேர்த்து அழைத்து வருவான். அவர்களில் எத்தனை பேர் காலையிற் பிரட்டுக்கு வந்து நிற்கிறார்களோ அத்தனை தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஒருவன் வேலையை விட்டால் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறையும். கங்காணிக்கோ அன்றாட வருமானமே குறையும். அக்கங்காணி சித்தப்பனாகவோ மாமனாகவோ இருப்பான். சிறைச்சாலையைக் காட்டிலும் இவ்வுறவுக் கயிறு உறுதியானது.

1907இல் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. தமிழர் குடியேற்றத்துக்கென ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் யாவரும் ஆள் கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்த வேண்டும். அதிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்படும். இதனை முதலாளிகள் தம் வசதிக்காகவே செய்துகொண்டார்கள். ஒரு தோட்டம் செலவு செய்து ஆளைக் கொண்டுவர, மறு தோட்டம் செலவின்றி அவனைத் தட்டிக்கொண்டு போவதைத் தடுப்பதே அவர்கள் நோக்கம். ஆயினும் அதனால் தொழிலாளிக்கும் ஒரு நன்மை விளைந்தது. இந்நிதியின் உதவியால் வந்தவன் கடனில்லாதவனாகக் கரையில் இறங்கினான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எத்தோட்டத்தையும் விட்டு விலகலாம் என்பது அவன் உரிமையாயிற்று. வேலையை விடுவதற்குத் தண்டனை என்னும் ஏற்பாடும் 1920களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது.

சட்டம் வழிவிட்டதும் நம்மவர் என்ன செய்தார்கள் தெரியுமா? நடக்கத் தொடங்கினார்கள். 1910இல் லண்டன் சந்தையிலே ரப்பர் விலை என்றுங் காணாத உயரத்துக்கு ஏறியது. கிள்ளான், கோலசிலாங்கூர்ப் பகுதிகளில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களுக்கு ஆட்கள் போதவில்லை. அடுத்த தோட்டத்துக் கங்காணி ஆசைகாட்டி ஆளை இழுத்துக்கொண்டு போகிறான் என்று துரைமார்கள் சங்கங்கூடி முறையிட்டார்கள். நன்றியில்லாதவர்கள், நிலைத்து நில்லாதவர்கள் என்று தமிழரைத் தூற்றினார்கள். நமக்கோ அம்முறையீட்டைப் படிக்கும்போது ஒருவகை மகிழ்ச்சியே உண்டாகிறது. தண்ணீர் நல்லதாயிருக்கும் தோட்டம், காய்ச்சல் குறைந்த தோட்டம், கிராணி கைநீட்டாத தோட்டம் எதுவென்று ஆராய்ந்து இடம் மாறியவர்கள் வேறு யார்? இன்றைய இளைஞர் “மனச் சந்தோஷம்” என்று சொல்வதைத்தான் அவர்கள் “நல்ல தண்ணி” என்று சொன்னார்கள் போலும். தைப்பூசத்துக்குப் பல தோட்டத்தாரும் பத்துமலையில் ஒன்றுகூடிய அவ்விரண்டொரு நாளில், காவடிக்கும் தேங்காய்க்கும் நடுவே இத்தகைய செய்திகளும் கைமாறியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் சட்டத்திலுள்ள உரிமை வேறு, அதனைக் கையாளும் வல்லமை வேறு. தோட்டத்தில் வேலை ஒரு கயிறென்றால், அதனோடு முறுக்கிய வேறு கயிறுகள் பல உண்டு. முதலாவது, குடியிருக்கும் லயம். அது தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்ற அன்றைக்கு வீடும் நின்றது. சட்டியையும் பானையையும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு, நாயும் பின்தொடர மண்சாலையில் நடக்கவேண்டும். அடுத்தது பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்றது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அப்பள்ளியும் தோட்டத்துக்குள்ளேதான் இருந்தது. ஆஸ்பத்திரி தோட்டத்தினுடையது, கோயில் தோட்டத்தில், கடைக்காரன் கடன் எழுதிவைத்த புத்தகம் தோட்டத்தில், மாலையில் கூலியின் ஒரு பகுதியை விழுங்கும் கள்ளுக்கடையும் தோட்டத்தில். ஒரு மனிதன் வேலையை விடுவதென்றால் உலகத்தையே விடவேண்டியிருந்தது.

ஸ்திரீகளுக்கு இது இரட்டைப் பூட்டு. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஆடவனுக்கு நிகராக மரம் வெட்டிக் காண்டாவாளி சுமந்தாள். 1920களின் பின்பகுதியில் இப்பகுதிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. புருஷன் தோட்டம் மாறினால் இவளும் மாறவேண்டும். இவள் மாற விரும்பினால் கேட்பாரில்லை.

பட்டணத்தார் இதைப் படித்துத் தமக்குச் சம்பந்தமில்லையென்று இருந்துவிட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவும் ஸ்டேஷன் மாஸ்டரும், செந்தூல் பட்டறையில் இரும்படித்த தொழிலாளியும் மாதச் சம்பளக்காரர்கள். லயத்துக்குப் பதிலாகக் குவார்ட்டர்ஸ் என்று பெயர் கொண்ட வீட்டில் வாழ்ந்தவர்கள். சுவர் செங்கல்லாயிற்று, கயிறு அதே கயிறு. உத்தியோகம் போனால் வீடு போகும். நடுவில் விட்டால் பென்ஷனும் போகும். முப்பது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து மனம் கசந்தவர்களை நாம் அறிவோம். தம் பிள்ளைகளுக்கு அவர்கள் கூறிய புத்திமதி ஒன்றே: “சர்க்கார் வேலையைப் பிடி, பிடித்தால் விடாதே.”

தொழிலாளிக்கு விலகும் உரிமை கடினமாயிருந்த அதே காலத்தில் விலக்கும் உரிமை முதலாளிக்கு எவ்வளவு எளிதாயிருந்தது என்பதை 1930ஆம் ஆண்டின் மந்தம் காட்டிற்று. ரப்பர் விலை சரிந்தது. கூலி 40 காசும் 32 காசுமாக இறங்கி, பின்னும் இறங்கியது. வேண்டாதவர்கள் என்று பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆளெடுப்பது நிற்கவேண்டுமென்று தம் அறிக்கையிற் கூறினார். 1938 ஜூனில் உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய சர்க்கார் தடை செய்தது.

அதன் பின்னரே நம்மவர் ஒரு புதுவழி கண்டனர். வேலையை விட்டு ஓடாமல், நின்ற இடத்தில் நின்றுகொண்டே அவ்வேலையை மனிதர்க்குரிய வேலையாக மாற்றக் கேட்பது அவ்வழி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ் நேசன் பத்திரிகையிற் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடக் கேட்டனர். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தக் கேட்டனர். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி கேட்டனர். இவற்றோடு வேறொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல உரிமை வேண்டும் என்பது அது.

இக்கோரிக்கையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சைக்கிளிலிருந்து இறங்காமையால் கூலி ஒரு காசும் கூடாது. வேலை ஒரு நிமிஷமும் குறையாது. எனினும் அதற்காக மனிதர் வேலையை நிறுத்தினார்கள். வேலையில் மகிழ்ச்சி என்பது வயிறு நிறைந்தவர்களின் வேடிக்கைப் பேச்சு என்று எள்ளி நகையாடுவோர் இதற்கு என்ன சொல்வார்கள்? 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டு, படையினர் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு முடியுமுன் ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களில் வேலையற்றுக் கிடந்த நம்மவரைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். சிலர் நல்ல சம்பளமென்னும் பேச்சை நம்பிப் போனார்கள். பலர் லாரியில் ஏற்றப்பட்டார்கள். 1943இற் பாதை முடிந்தது. திரும்பியவர் தொகையைக் காட்டிலும் திரும்பாதவர் நினைவே தோட்டங்களில் அதிகம். புது வேலை என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சும் குணம் நம் மூதாட்டிகளுக்கு ஏன் வந்தது என்று கேட்போர் இதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்வோம். 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியச் சங்கமாயின. ஐரோப்பியர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய காலத்தில், தொழிலாளர் தாமே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவதற்கென 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1969இல் பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று வந்தபோது, சீட்டுக் கிடைக்காத பல்லாயிரவர் பிறந்த பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1970களில் சுங்கைவே முதலிய இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறினார்கள். தாய் வெட்டிய மரத்தை மகள் வெட்டாமலிருந்தது அப்போதுதான் பெருவாரியாக நிகழ்ந்தது. பிறகு தோட்டங்களே மறையலாயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. தொழிலாளி விடுவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மரங்கள் அவனை விட்டுப் போயின.

இளைஞருடைய தகப்பனாருக்கும் அவ்வாறே நேர்ந்ததாம். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யக் கடிதம் வந்து, குடும்பம் பட்டணத்தின் ஓரத்திலே ஒரு புறம்போக்குக் குடிசைக்கு வந்தது. காவற்கார வேலை பார்த்துத்தான் பிள்ளையைப் படிக்க வைத்தார். அப்பிள்ளை இன்று குளிர்சாதன அறையில் கணக்குப் பார்க்கிறார். மரத்தடிக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறார்!

அவரை மறுபடி சந்தித்தபோது நாம் இரண்டே கேள்விகள் கேட்டோம். கடன் உண்டா? குடியிருக்கும் வீடு யாருடையது? கடன் வீட்டுக்கு மட்டும் என்றார்; மூன்றாண்டுகளுக்கு முன் தாயார் பெயரிலும் தம் பெயரிலுமாக வாங்கிய அடுக்குமாடி வீடு, தவணை தவறாமற் கட்டிவருகிறாராம். பண்ணையில் வரும் வருமானம் அத்தவணைக்குப் போதும். பிற செலவுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்ஙனமாயின் போகலாம் என்றோம். பாட்டனாருக்கும் தகப்பனாருக்கும் இல்லாத இரண்டும் அவருக்கு உண்டு, அவர்கள் கேட்க முடியாத கேள்வியை அவர் கேட்கிறார், அது தவறாகாது. பண்ணை நட்டப்பட்டால் என்ன செய்வதென்றார். கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கு இப்பட்டணத்தில் மறுபடியும் ஒரு மேசை கிடைக்காமற் போகாது என்றோம். மனம் கசந்த மேசையாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பின்னர், தாயாரிடம் வருமானத்தைப் பற்றிப் பேசாமல், தோட்டத்தை விட்டு வந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் தம்பி என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டு வாரம் சென்று வந்தார். அன்றிரவு கேட்டாராம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு மெல்லக் கேட்டாராம்:

“நீ வேலைய விட்டா, நாம எத்தனாந்தேதிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்?”